தமிழ் வழியில் படித்த நான் ஆங்கில இலக்கியத்தை விட்டுவிடலாமா?

வட மாவட்டம் ஒன்றின் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கலந்தாய்வில் வணிகவியல் இடங்கள் முடிந்துபோனதால் ஆங்கில இலக்கியம் கிடைத்தது. முதலாண்டில் இரண்டு தாள்கள் அரியர். அதில் ஒன்றில் அகமதிப்பீடு 25க்கு 21; பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு 24. கைடை மனப்பாடம் செய்து ஆறு பக்கம் எழுதியும் தோற்றுப்போனதால், தன் ஆங்கிலம் எதற்கும் உதவாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பகுதி ஒன்று தமிழில் மட்டும் வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

இந்தப் பருவத்தில் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதைக்கு அவரைச் செமினார் எடுக்கச் சொன்னார்கள். உச்சரிப்பு தடுமாறியது, வகுப்பு சிரித்தது. “தமிழ் மீடியமெல்லாம் இந்த மேஜருக்கு ஏன் வருகிறீர்கள்?” என்று ஆசிரியர் எல்லோர் முன்னும் கேட்டார். புத்தகத்தில் வரிகளுக்கு நடுவே பென்சிலில் எழுதியிருந்த தமிழ் அர்த்தங்களையும் பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னார். அன்றிலிருந்து இவர் வகுப்பில் வாய் திறப்பதில்லை. “படிப்பை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு பி.ஏ. தமிழில் சேரலாமா? அண்ணன் கம்பெனிக்கு வந்துவிடு என்கிறார். எனக்குக் கதையும் கவிதையும் பிடிக்கும். ஆனால் பிடித்தால் மட்டும் போதுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தைத் தெளிவான, பிழையில்லாத தமிழில் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லி, உங்கள் மீது என்ன தவறு, பிறர் மீது என்ன தவறு என்று பிரித்தும் பார்த்திருக்கிறீர்கள். இலக்கியம் படிக்க வேண்டிய மனம் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான சான்று. ஆங்கில இலக்கியத்தைக் கற்பித்தும், பல்கலைக்கழக விடைத்தாள்களைத் திருத்தியும், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லியும் வருகிற அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். படிப்பை நிறுத்தாதீர்கள். ஆனால் இதுவரை படித்த முறையை இன்றோடு நிறுத்துங்கள்.

தோற்றது உங்கள் ஆங்கிலமா?

75க்கு 24 வந்ததும் ‘என் ஆங்கிலம் மோசம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். விடைத்தாள் நகலைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. தேர்வு முடிவு வந்த சில நாட்களுக்குள் கட்டணம் கட்டி நகல் பெறவும், மறுமதிப்பீடு கோரவும் மாணவர்களுக்கு வழி இருக்கிறது. அந்தத் தாளுக்குக் காலக்கெடு கடந்திருக்கும். அடுத்த முறை மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் முதலில் நகல் வாங்குங்கள், பிறகு மறுமதிப்பீட்டைப் பற்றி யோசியுங்கள்.

என் ஊகம் இதுதான். திருத்தும் மையத்தில் ஒரு கட்டைப் பிரித்தால், ஒரே கைடிலிருந்து வந்த ஒரே பத்தி தாள் தாளாக வந்துகொண்டே இருக்கும். கைடில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பிழையும் கூடவே வரும். உங்கள் செமினார் கவிதையையே எடுத்துக்கொண்டால், கேள்வி அதில் பேசும் பிரபுவின் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கும்; விடையோ கவிஞரின் பிறந்த ஆண்டில் தொடங்கி, ஒரு பாத்திரம் மட்டுமே பேசும் கவிதை வகையான நாடகத் தனிமொழியின் இலக்கணத்தைச் சொல்லி, பொழிப்புரையோடு முடிந்திருக்கும். ஆறு பக்கம் இருந்தாலும் கேட்ட கேள்விக்கான பதில் அதில் ஆறு வரிகூட இருக்காது. திருத்துகிறவர் எதற்கு மதிப்பெண் போடுவார்? எளிய ஆங்கிலத்தில், இலக்கணம் ஓரிரு இடங்களில் இடறினாலும், கவிதையின் வரிகளைச் சுட்டிக்காட்டிக் கேட்டதற்குப் பதில் எழுதிய தாளுக்கு நல்ல மதிப்பெண் போடத்தான் எல்லோருடைய பேனாவும் விரும்பும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சரளமாகப் பேசுவது வேறு, இலக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. ஜோசப் கான்ராட் போலந்துக்காரர். இருபது வயதுக்குப் பிறகுதான் ஆங்கிலத்தை முறையாகக் கற்றார். கடைசி வரை அவர் பேச்சில் அந்நிய வாடை போகவில்லை. அவருடைய நாவல்கள்தான் இன்று ஆங்கிலத் துறைகளில் பாடமாக இருக்கின்றன. ஆங்கில வழியில் படித்துவிட்டு உங்கள் வகுப்பில் சரளமாகப் பேசும் தோழியும் கைடைத்தான் படிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கவிதையைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி

தமிழ்த்தாளில் முதல் மதிப்பெண் வாங்குவதை ஏதோ ஆறுதல் பரிசு போல எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் மூலதனம். எப்படி என்று உங்கள் செமினார் கவிதையிலேயே காட்டுகிறேன்.

‘மை லாஸ்ட் டச்சஸ்’ 1842இல் வெளிவந்தது. மொத்தம் 56 வரிகள். அதை நாடகத் தனிமொழி என்று சொல்லி, அதன் இயல்புகளை எண்ணிட்டுக் கைடு தருகிறது. அவற்றை மனப்பாடம் செய்ய நீங்கள் பட்ட பாட்டை விவரித்திருக்கிறீர்கள். அம்மா, அது உங்களுக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் எல்லாம் உண்டே! சங்க அகப்பாடல் ஒவ்வொன்றையும் ‘இது யார் கூற்று, யாரிடம், எந்தச் சூழலில்’ என்று கேட்டுத்தான் தமிழ் வகுப்பில் படிக்கிறீர்கள். அதே கேள்விகளைப் பிரௌனிங்கிடம் கேளுங்கள்.

யார் கூற்று? ஃபெராரா நகரத்துப் பிரபு. கேட்பவர் யார்? வேறொரு கோமகனின் தூதர். களம் எது? மாளிகையின் மேல்தளம், திரையை விலக்கினால் தெரியும் ஓர் ஓவியத்தின் முன்னால். அந்தத் திரையை விலக்கும் உரிமை பிரபுவுக்கு மட்டும்தான். காலம்? அந்தக் கோமகனின் மகளை இந்தப் பிரபுவுக்குப் பேசி முடிக்கும் நேரம். கீழே விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். ஓவியத்தில் இருப்பவள் பிரபுவின் முந்தைய மனைவி. மாலைச் சூரியனைப் பார்த்தாலும், யாரோ பறித்துத் தந்த செர்ரிக் கிளையைப் பார்த்தாலும், தன் வெள்ளைக் கோவேறு கழுதையைப் பார்த்தாலும் அவள் ஒரே மாதிரி மகிழ்ந்தாள், எல்லோரிடமும் சிரித்தாள். 900 ஆண்டுப் பழமையுள்ள என் குடும்பப் பெயரையும் அவற்றோடு ஒன்றாக வைத்துவிட்டாளே என்பது அவன் ஆத்திரம். அதனால் கட்டளையிட்டேன், சிரிப்புகள் எல்லாம் ஒருசேர நின்றுபோயின என்கிறான். கொலை என்ற சொல்லே கவிதையில் இல்லை.

இனி பயனும், சொல்லாமல் விட்ட எச்சமும். பெண் பேச வந்த தூதரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்? வரப்போகிறவளுக்கு விடும் எச்சரிக்கையா? யாரும் தன்னைக் கேட்க முடியாது என்ற திமிரா? இல்லை, ஓவியத்தைக் காட்டிப் பெருமை பேசும்போது தன்னையறியாமல் வாய் விட்டுவிட்டானா? கடைசியில், ‘இல்லையில்லை, நாம் சேர்ந்தே கீழே போகலாம்’ என்று அவன் தூதரைத் தடுப்பது போல ஒரு வரி வருகிறது. ஏன் அந்த ‘இல்லையில்லை’? தூதர் அந்த இடத்தைவிட்டு வேகமாக நகரப் பார்த்தாரா, அல்லது பிரபு முன்னே போகட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றாரா? பிரௌனிங் சொல்லவில்லை. அங்கேதான் வாசகரின் வேலை தொடங்குகிறது. உங்கள் கைடு அந்த வரியைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குறுந்தொகை 25ஆம் பாடலை இதன் பக்கத்தில் வையுங்கள். ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று கபிலரின் தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு யாருமில்லை. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த குருகு மட்டும் இருந்தது. மீனைப் பார்த்த பறவை இவர்களைப் பார்த்திருக்குமா? பார்த்திருந்தாலும் வந்து சொல்லுமா? அங்கே பெண் பேசுகிறாள். அவன் வாக்குத் தவறினால் தான் என்ன செய்வது என்று நடுங்குகிறாள். பிரௌனிங்கில் ஆண் மட்டுமே பேசுகிறான், பெண் சுவரில் படமாக இருக்கிறாள். அங்கே சாட்சியாக ஒரு குருகு, இங்கே வாய் திறக்காத ஒரு தூதர். இந்த ஒப்பீட்டை உங்கள் வகுப்பில் உங்களைப் போன்ற ஒருவரால்தான் செய்ய முடியும். செமினாரை மறுபடி எடுக்க வாய்ப்புக் கேளுங்கள். இந்த இரண்டு கவிதைகளைக் கொண்டே எடுங்கள்.

இது என்னுடைய விசித்திர யோசனை அல்ல. மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, ஆங்கில ஆசிரியராகப் பணியைத் தொடங்கிய ஏ.கே. ராமானுஜன்தான் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகம் முழுவதும் வாசிக்க வைத்தார். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்த அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். தமிழ்க் கவிதைக்காக 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இரண்டு மொழிகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பதற்கு நம்மிடம் நல்ல மரபு இருக்கிறது.

தமிழில் அர்த்தம் எழுதுவது தவறா?

தவறில்லை. அதை அழிக்கச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுதிய விதத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழ்ச் சொல்லை எழுதினால் கண் தமிழை மட்டுமே படிக்கும், ஆங்கில வரி மனத்தில் பதியாது. தேர்வறையில் அந்தப் பென்சில் எழுத்து இருக்காது.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் முறை எளியது. கைடைத் தொடும் முன்பு கவிதையை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பழைய நூல்களின் மூலம் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கைபேசியிலேயே படிக்கலாம். தெரியாத சொற்களில் கவிதையின் போக்கைத் தடுப்பவற்றுக்கு மட்டும் அகராதி பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பெரிய துணை. கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். பிறகு கவிதையை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தனி நோட்டில் தமிழில் ஒரு பத்தி எழுதுங்கள். அடுத்து அந்தத் தமிழையும் மூடிவிட்டு, சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள். அந்த ஐந்து வரியில் ஒன்றாவது கவிதையின் சொற்களை அப்படியே மேற்கோள் காட்ட வேண்டும். கைடைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அப்போது அது சொல்வதில் எது உருப்படி, எது வெறும் அலங்காரம் என்று உங்களுக்கே தெரியும். முதல் மாதம் மிகவும் மெதுவாகப் போகும். மனம் தளர வேண்டாம்.

வகுப்பில் ஆசிரியர் சொன்னது

அது தவறு. தமிழ் வழியில் படித்த மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரியின் ஆங்கிலத் துறை உரியது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1894இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவிலும் சென்னையிலும் நம் மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஆங்கிலம் பேசியதில்லை.

என்ன செய்யலாம்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அங்கே எழுத்து மூலம் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அங்கே போகச் சொல்ல மாட்டேன். இது ஒரு முறை வந்த சொல்லாக இருந்தால், ஆசிரியரைத் தனியே பார்த்து, “அன்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது ஐயா. நான் படிக்க விரும்புகிறேன். செமினாருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் ஒரு தோழியை அழைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு இறங்கி வருவார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறதே என்ற உங்கள் அச்சமும் நியாயமானது. அதனால்தான் பேசும் வழியை முதலில் வைக்கிறேன். கேலி தொடர்ந்தால் நாளும் சொல்லும் குறித்து வைத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குறைதீர் குழு இருக்கிறது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் அறுபது பேர், பாடத்திட்டமோ நீளம், பலர் நிரந்தரமில்லாத பணியில் இருக்கிறீர்கள். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பருவத்தில் ஒரே ஒரு கவிதையையாவது தமிழும் ஆங்கிலமும் கலந்து, மாணவர்களைப் பேசவிட்டு நடத்துங்கள். வாயே திறக்காத பிள்ளைகள் அன்று பேசுவார்கள்.

நிறுத்துவது, மாறுவது, தொடர்வது

பி.ஏ. தமிழுக்கு மாறினால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். போன காலம் போனதுதான். தமிழ் இலக்கியம் மிக நல்ல படிப்பு. ஆனால் எளிது என்று நினைத்துப் போகாதீர்கள். நன்னூலும் தொல்காப்பியமும் யாப்பும் அணியும் உங்களைச் சும்மா விடாது. அதன் மேல் ஆசைப்பட்டுப் போனால் வாழ்த்துவேன். வகுப்பில் கேட்ட ஒரு சொல்லுக்கு அஞ்சிப் போவதாக இருந்தால் வேண்டாம்.

படிப்பை நிறுத்தினால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1000 ரூபாய் நின்றுவிடும். கம்பெனி வேலையை அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், வீட்டுக்கு இன்று அந்தப் பணம் தேவைதான். ஆனால் அந்த வேலை ஒன்றரை ஆண்டு கழித்தும் கிடைக்கும். பட்டம் இருந்தால் மற்ற கதவுகளும் திறக்கும். அவரிடம் இதைச் சொல்லி, மூன்றாம் ஆண்டு முடியும் வரை அவகாசம் கேளுங்கள்.

தொடர்வதிலும் ஓர் இழப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காட்டு முன்னுரிமை, பட்டத் தகுதி கேட்கும் குரூப் 1, குரூப் 2 போன்ற தேர்வுகளில் உங்களுக்குக் கிடைக்காது. 2020இல் வந்த திருத்தத்தின்படி பட்டத்தையும் தமிழ் வழியில் பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4இல் உங்கள் பள்ளிச் சான்று செல்லும். சாதிவாரி இட ஒதுக்கீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது எல்லாத் தேர்விலும் இருக்கும்.

ஆங்கிலம் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தான் என்கிறீர்கள். மொழிபெயர்ப்பு, பதிப்பகம், ஊடகம் என்று இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆசிரியப் பணியே பிடித்தால் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதிப் பட்டதாரி ஆசிரியராகலாம், எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வில் 55 விழுக்காடும் (பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 50) நெட் அல்லது செட் எனப்படும் விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதில் உயர்ந்த மதிப்பெண் எடுத்து இளநிலை ஆய்வு நிதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். நெட்டில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் உண்டு. குருகையும் தூதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஏற்ற இடம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர்வதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு உண்டு. திருவாரூரிலேயே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இப்போதைக்கு அந்த இரண்டு அரியர்களைப் பாருங்கள். அவற்றால் உங்கள் ஆண்டு வீணாகவில்லை, வரும் பருவத் தேர்வுகளோடு சேர்த்து எழுதலாம். தேர்வுக் கட்டணம் கட்டும்போது அரியர் தாள்களின் குறியீட்டு எண்களையும் சேர்த்து நிரப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 24 வாங்கிய தாளின் பழைய வினாத்தாளை எடுத்து, வாரத்துக்கு இரண்டு கேள்விக்குக் கைடு இல்லாமல் விடை எழுதிப் பாருங்கள். முதல் விடையைத் தமிழ்த்துறையில் உங்களுக்குப் பிடித்த பேராசிரியரிடம் விளக்கிச் சொல்லுங்கள். இரண்டாவதை ஆங்கிலத்துறையில் காட்டுங்கள்.